பன்னிரண்டு மக்ரூனும் கப்பல் ரப்பரும்

எங்கள் காரில் ஏறிய மக்ரூன் ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்வதற்குள் மாவாகிவிடும். இதில் மக்ரூன்மேல் தப்பில்லை, கார்மேல்தான் தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. தூத்துக்குடி மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி கலந்து, இளஞ்சூட்டில் மணிக்கணக்காக உலர வைத்தது. கூம்பு மாதிரி இருக்கும். அதில் பாதிக்கு மேல் காற்று. கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தினால் போதும், ஆள் காலி. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு என் மனைவி பின்னறையில் ஓவன் ஒன்றை வாங்கி வைத்து இதைச் செய்ய ஆரம்பித்தாள். தெருவில் வாங்கினார்கள், பிறகு அடுத்த தெருவில். அவளுடைய ஸ்ரீவைகுண்டத்து அக்கா மட்டும் வாங்கவில்லை. ஆற்றுப் பாசனத்து நெல்லும் வாழையும் உள்ள வீடு அது. "தங்கச்சி பலகாரம் சுட்டு விக்கா" என்று சொல்லிக்கொள்வதில் அக்காவுக்கு ஏதோ ஒரு சங்கடம்.

அந்த அக்கா வீட்டு விசேஷம் ஒன்றுக்கு இவள் ஆசையாக ஒரு பெரிய டின் நிறைய எடுத்துப் போனாள். அக்கா பத்துப் பேர் முன்னால் மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு டின்னைச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினாள்.

"மக்ரூன் கொண்டாரேன்னா. ரவையைல்லா கொண்டாந்திருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கேதான் நான் முதல் தவறு செய்தேன். திரும்பி வரும்போது இவள் வாழைத்தோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாயர்புரம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்களும் சிரிச்சீய."

அதற்கப்புறம் வீடு வரைக்கும் கார் மட்டும்தான் பேசியது. முன்பக்கம் அடியிலிருந்து டொக், டொக் என்று.

பிறகு அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவாயிற்று. அந்தப் பெண்ணே போன் செய்தாள். தாம்பூலப் பையில் போட சித்தி கையால் செய்த மக்ரூன்தான் வேண்டும், முந்நூறு. அக்கா போனைப் பிடுங்கி, "முழுசா வந்தா சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். என் மனைவி கொஞ்ச நேரம் ஓவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தடவையும் அவ முன்னால பொடியாக் கொண்டுபோய் நின்னேன்னா, இதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். இனி யாருக்கும் செய்ய மாட்டேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. இருபது வருடம் முன்னால் காப்பி குடிப்பதை நிறுத்துகிறேன் என்றாள், இன்றுவரை தொடவில்லை. நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது.

நான் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் முப்பது வருடம் மெக்கானிக்கல் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட், கிரேன் ஹோஸ், பெர்த்தில் கப்பல் வந்து சாயும் ஃபெண்டர் என்று ரப்பரோடுதான் என் காலம் போயிற்று. ரப்பரைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும். தெரியாவிட்டாலும் பதில் சொல்வேன்.

உப்பளத்துச் சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத ஆள். காரைக் குழியின் மேல் நிறுத்தி, கீழே இறங்கி, ஒரு கடப்பாரையை எங்கேயோ கொடுத்து நெம்பினார். டொக் என்றது.

"புஷ்ஷெல்லாம் போயிட்டு அண்ணாச்சி. ஆர்ம் புஷ்ஷு நாலு, சப்ஃபிரேம் புஷ்ஷு நாலு. மொத்தம் வெடிச்சுக் கிடக்கு."

சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைக்குப் பெயர் ஆர்ம். அந்தக் கைகளையும் இன்ஜினையும் தாங்கும் இரும்புச் சட்டம் சப்ஃபிரேம். ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒரு ரப்பர் உட்கார்ந்து இரண்டுக்கும் சமாதானம் பேசிக்கொண்டிருக்கும். அதுதான் புஷ். ரப்பர் செத்தால் இரும்பும் இரும்பும் நேரடியாகப் பேசத் தொடங்கும். போதாக்குறைக்கு எங்கள் ஊர் உப்பு. உப்பு லாரிகள் வடியவிட்டுப் போகும் தண்ணீரில் பதினைந்து வருடம் ஓடிய கார் அது. போல்ட்டுகள் குழாயோடு ஒட்டிக் கல்லாகியிருந்தன. கேஸ் வைத்துச் சூடாக்கி, அறுத்து, திட்டி எடுக்க ஒரு முழு நாள் ஆகும் என்றார்.

"மாத்துறதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டேன், பதிலை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு.

"கம்பெனி ரப்பர் போடலாம். மதுரையிலிருந்து வரணும், நாலஞ்சு நாளாகும். இங்கன கிடைக்கிற மலிவு ரப்பர் போட்டா ஆறு மாசத்துல மறுபடி நீங்க வருவீய. இல்லன்னா பி.யூ. புஷ்ஷு."

பி.யூ. என்றால் பாலியூரிதேன். அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஜெல்லி மிட்டாய் மாதிரி மஞ்சளாகப் பளபளத்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், கோடு விழவில்லை. உப்பும் ஆயிலும் அதை ஒன்றும் செய்யாதாம், காரை விட அதிக நாள் வாழுமாம். அவருடைய சொந்தக் காரில் அதைத்தான் போட்டிருக்கிறார்.

"வளைவுல ரெயில் மாதிரி நிக்கும் அண்ணாச்சி. என்ன, ரோட்டுல ஒரு நாணயம் கிடந்தா அது தலையா பூவான்னு சீட்டுலயே தெரியும்."

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி யோசிக்கவே இல்லை. ஓவனில் கொஞ்சம் கருகிப்போனவற்றிலிருந்து பன்னிரண்டு மக்ரூன்களை எண்ணி ஒரு டின்னில் அடுக்கினாள்.

"அவரு காருல வச்சு உப்பளத்து ரோட்டுல போயிட்டு வரச் சொல்லுங்க. எத்தனை உடையுதுன்னு பாப்போம்."

ரப்பரைச் சோதிக்க டியூரோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. முப்பது வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். அதைவிட நல்ல கருவியை என் வீட்டில் முட்டையிலும் சீனியிலும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மெக்கானிக் டின்னை ஏற்றிக்கொண்டு துறைமுக ரவுண்டானா வரை போய்த் திரும்பினார். பன்னிரண்டில் ஏழு பொடி. பொடியை அவரே தின்று தீர்த்துவிட்டு, சந்தேகமிருந்தால் இன்னொரு தடவை வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம் என்றார்.

சரி, கம்பெனி ரப்பருக்குச் சொல்லிவிடுவதுதானே? புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் துறைமுகத்துக்காரன். எங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கப்பலில் இருந்து வந்தது எதுவும் கெட்டதில்லை. கப்பல் கயிற்றில் துணி காயப் போடுவோம், கப்பல் பெயின்ட்டை வீட்டு ஜன்னலுக்கு அடிப்போம், கப்பல் பலகையில் கட்டில் செய்து அது அறைக்குள் நுழையாமல் நிலையை இடிப்போம். ஆயிரக்கணக்கான டன் கப்பல் வந்து இடிக்கும் ரப்பருக்கு என் சின்னக் கார் எம்மாத்திரம்? இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

பழைய சாமான் கடையில் ஃபெண்டர் துண்டு ஒன்று கிடைத்தது. தலையணை அளவு, தூக்க இரண்டு கை வேண்டும். அதை மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்யும் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அதை அமுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கடைஞ்சு தந்துருவேன் அண்ணாச்சி. ஆனா காருக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே, இவனெல்லாம் என்ன தொழிலாளி என்று நினைத்துக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் விட்டு, கத்தியைத் தீட்டித் தீட்டி, இரண்டு நாளில் எட்டு புஷ்களைக் கடைந்து, இரும்புக் குழாயும் செருகிக் கொடுத்தார். கறுப்பாக, கனமாக, எட்டும் எட்டுப் பயில்வான்கள். மெக்கானிக் அவற்றைக் கையில் வாங்கி மேசைமேல் போட்டார். எழும்பவே இல்லை. ஒன்றும் சொல்லாமல் மாட்டிக் கொடுத்தார். அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பன்னிரண்டு மக்ரூன்களோடு நான் மட்டும் கிளம்பினேன். முதல் வேகத்தடையிலேயே என் பற்கள் ஒன்றோடு ஒன்று முட்டின. ஸ்டீயரிங் கையில் நின்று நடுங்கியது. டிராக்டரில் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து போவது இதைவிடச் சுகம். அப்போதுதான் மெதுவாகப் புரிந்தது. கப்பல் எங்கே இடிக்கிறது? டக் எனும் இழுவைப் படகு தள்ள, நிதானமாக வந்து சாய்கிறது. சாலையோ நிமிடத்துக்கு நூறு தடவை குட்டிக் குட்டியாகத் தட்டுகிறது. அந்தத் தட்டலுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்துத் திரும்ப வருகிற ரப்பர் வேண்டும். நான் போட்டிருந்தது யாருக்கும் முறுக்கிக் கொடுக்காது. முப்பது வருடம் ஃபெண்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உப்பளத்து ஓரம் வண்டியை நிறுத்தி டின்னைத் திறந்தேன். ஐந்து உடைந்திருந்தது.

பிறகு நான் செய்ததை எழுதவே கூசுகிறது. ஐந்தையும் தின்றேன். டின்னின் அடியில் ஒட்டியிருந்த தூளைக் கைக்குட்டையால் துடைத்தேன். நல்ல பிள்ளைபோல வீட்டுக்கு வந்து டின்னை நீட்டினேன்.

"ஒண்ணும் உடையல."

அவள் திறந்து எண்ணினாள்.

"பன்னெண்டு வச்சேன். ஏழு இருக்கு."

"அஞ்ச நான் தின்னுட்டேன்."

"உடஞ்சதையா, முழுசையா?"

"முழுசைத்தான்."

அவள் உள்ளே போய் சுகர் மீட்டரை எடுத்து வந்தாள். எனக்கு எட்டு வருடமாக சர்க்கரை. முழு மக்ரூன் ஒன்றைத் தொடக்கூட எனக்கு அனுமதி இல்லை. விரலை நீட்டினேன். மீட்டர் சொன்ன எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கண் கலங்கியிருந்தது.

"முழு மக்ரூன் கையில இருந்தா நீங்க பயந்து பாதிதான் தின்பீய. இத்தனையும் பொடியாத்தான் உள்ள போயிருக்கு. இதையே நம்பி நான் முந்நூறையும் ஏத்திக்கிட்டுப் போய் அவ முன்னால நிக்கணும், என்ன?"

அன்றைக்கு நான் பட்ட வெட்கம் அந்த மீட்டரிலும் அளக்க முடியாதது.

நிச்சயத்துக்கு நாலு நாள் இருந்தது. கம்பெனி ரப்பருக்கு இனிமேல் சொல்லி எப்போது வரும் என்று கவலையோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் உள்ளே போய் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வந்து வைத்தார். உள்ளே எட்டு புஷ், நிதானமான கறுப்பு ரப்பர், நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் இடம் கொடுத்தது.

"மதினி பி.யூ. சோதிச்ச அன்னைக்கே போன் போட்டு மதுரைக்குச் சொல்லச் சொல்லிட்டாவ அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாவ."

"எதுக்கு?"

"ஆசைப்படுதாவ, ஒருதடவை போட்டுப் பாக்கட்டும்னாவ."

எட்டுப் பயில்வான்களையும் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். புதியதை மாட்டினார். ஆனால் போல்ட்டுகளை முழுக்க இறுக்கவில்லை. மறுநாள் மதினியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், டின்களும் வேண்டும் என்றார். வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால், இறங்கி நின்றதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்குமாம், சீக்கிரம் பிய்ந்துவிடுமாம். சுமக்க வேண்டிய எடை ஏறி, புஷ் தன் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு.

அப்படியாக நானும் என் மனைவியும் பின்சீட்டில் இருபத்தைந்து காலி டின்களோடு, குழியின் மேல் நின்ற காரில் முன்சீட்டுகளில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. கீழே ஸ்பேனர் சத்தம். இறங்கிப் போகவும் வழியில்லை.

"ஏளா, மதுரைக்கு முன்னாடியே சொல்லிட்டியே. அப்ப நான் தோத்துப்போவேன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் நேரே பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க தப்பான ரப்பர எடுப்பீயன்னு தெரியும். எங்கிட்ட பொய் சொல்லுவீயன்னு தெரியாது."

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது.

"அங்கன கொஞ்சம் ஆடாம இருங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. யாரும் ஆடவில்லை.

"இனி சொல்ல மாட்டேன்" என்றேன். மெக்கானிக்கும் கேட்டிருப்பார். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கே சோதனை ஓட்டம். டின்னை நான் திறக்கவே இல்லை, அப்படியே அவள் கையில் கொடுத்தேன். பன்னிரண்டில் ஒன்றில் மட்டும் உச்சியில் ஒரு கீறல். அது ஓவனிலேயே விழுந்தது என்று அவளாகவே சொன்னாள். எட்டுப் பயில்வான்களில் நாலை கிரைண்டர் காலடியிலும் நாலை ஓவன் காலடியிலும் வைத்துவிட்டாள். கிரைண்டர் இப்போது சத்தம் போடுவதில்லை. அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

நிச்சயத்தன்று காலையில் இருபத்தைந்து டின், டின்னுக்குப் பன்னிரண்டு. ஒன்றுகூட மிச்சமாக எடுத்து வைக்கவில்லை. மிச்சமெல்லாம் சோதனையிலேயே போயிருந்தது. பள்ளம் ஒவ்வொன்றிலும் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். பெருங்குளத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, டின் டின்னாகத் திறந்து பார்த்தோம். பதினைந்து டின்னை அவள் பார்த்தாள், பத்தை நான். என் பத்தாவது டின்னில் ஒரு மக்ரூன் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"ஒண்ணு உடஞ்சிருக்கு" என்றேன், அவள் கேட்பதற்கு முன்னால்.

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினாள்.

"பாதி தின்னலாம்" என்றாள்.

ஸ்ரீவைகுண்டத்தில், நாங்கள் எதிர்பார்த்தபடியே, அக்கா கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது டின்களைத் திறக்கத் தொடங்கினாள். முதல் டின் முழுசு. இரண்டாவது முழுசு. மக்ரூன்களைத் தாம்பூலப் பையில் போடப்போட அவள் முகத்தில் ஏமாற்றமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. கல்யாணப்பெண் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி டின்னில் அக்காவின் கை நின்றது.

"பதினொண்ணுதான் இருக்கு."

என் மனைவி கீழே பார்த்தாள். எண்ணி வைத்ததில் பிசகு என்று அவளோ நானோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"ஒண்ணு உடஞ்சுது மதினி. பெருங்குளத்துல வச்சு ஆளுக்குப் பாதி தின்னுட்டோம்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முந்நூறுல ஒண்ணு. அதப் போய் சபையில சொல்லணுமா தம்பி?"

"எங்க வீட்டுல எண்ணித்தான் வைப்பாவ மதினி."

என் மனைவி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அக்கா காரணம் தெரியாமலேயே கொஞ்சம் சிரித்தாள். பிறகு பதினொன்றில் ஒன்றை எடுத்துக் கடித்தாள், மெதுவாகத் தின்று முடித்தாள், விரலில் ஒட்டியதையும் விடவில்லை.

"கல்யாணத்துக்கு ஐந்நூறு போட்டுரு" என்று தங்கையிடம் சொன்னாள். வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, "இவ கைப்பக்குவம்" என்றாள்.

திரும்பும்போது காலி டின்கள் பின்னால் கலகலவென்று ஆடின. அடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சாயர்புரம் வரை அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"ஐந்நூறு. கல்யாணம் மழைக்காலத்துல வருது. ரோடெல்லாம் பள்ளமாயிரும். இந்தப் புஷ்ஷு தாங்குமா?"

ரப்பரைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் தயாராக இருக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

"தெரியாது" என்றேன்.

அவள் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தாள். கியர் கம்பிமேல் இருந்த என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"பன்னெண்டு வச்சுப் பாப்போம்."